இரண்டு மீட்டர் குறைவு

அந்த இஸ்திரிப் பெட்டிப் பட்டறையில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். பத்துப் பேர் பெட்டி செய்தார்கள். மிச்சமிருந்த ஒருத்தி, அவர்கள் செய்ததைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும் முன் ஒருவர் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டிருந்ததால், விருப்பம் இல்லாமல் வைத்துக்கொண்ட ஆள் அவள். எதற்கெடுத்தாலும் "எத்தனை ஆம்பியர்?" என்று கேட்பாள் என்பதால் எல்லாரும் அவளை ஆம்பியர் என்றே கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் கோபப்பட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்பதால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுடைய மேசை பின்சுவரை ஒட்டி, கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. ஒரு மரப்பலகையில் இரண்டு மீட்டர்கள், ஒன்று வோல்ட் காட்டும், இன்னொன்று ஆம்பியர் காட்டும். பெட்டியைச் செருகி, ஐந்து நிமிடம் சூடேற விட்டு, இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது பெட்டியின் வலு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது உள்ளே இருக்கும் கம்பி மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்ற கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். எதை எதால் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சேர்ந்த முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. 230 வோல்ட், 3.26 ஆம்பியர். பெருக்கினால் எழுநூற்றைம்பது வாட். பெட்டியின் வாலில், கைப்பிடிக்குப் பின்னால், ஆணியடித்திருந்த அலுமினியத் தகட்டில் 'ஆயிரம் வாட்' என்று இருந்தது. மீட்டர்தான் கோளாறு என்று நினைத்து வேறு மீட்டர் இரவல் வாங்கி வந்து பார்த்தாள். அதுவும் எழுநூற்றைம்பதே சொன்னது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று இருபது பார்த்தாள். இருபதும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதிலைச் சொல்லின.

முதலாளியிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போனால் தான் நல்லவன் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. பெட்டிக்கு நான்கு திருகாணி போதும் என்றால் ஆறு போடச் சொல்வார். கைப்பிடிக்கு மற்றவர்கள் பிளாஸ்டிக் வைத்தபோதும் மரமே வைத்தார். "கஞ்சத்தனம் பண்ணிப் பொருள் செய்யக் கூடாது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

"ஏம்மா, பெட்டி சூடாகுதா இல்லையா?"

"சூடாகுது சார்."

"துணியில சுருக்கம் போகுதா?"

"போகுது."

"அப்புறம் என்ன?"

"தகட்டுல ஆயிரம்னு இருக்கு. எழுநூத்தம்பதுதான் வருது."

முதலாளி சிரித்தார். "தகடு அடிக்கிறவன் நம்பர் என்ன போடட்டும்னு கேட்டான். முழுசா ஒரு நம்பர் போடுன்னேன். அதுல என்ன இருக்கு?"

அவள் மேசைக்குத் திரும்பி, பதிவேட்டில் எழுநூற்றைம்பது என்றே எழுதினாள். பக்கம் நிரம்பியதும் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், பதிவேடு அலமாரிக்குப் போனது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பொய் தகட்டிலும் உண்மை அலமாரியிலும் என்று இரண்டும் சண்டையில்லாமல் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தன.

பிறகு கம்பி விலை ஏறியது. பெட்டிக்குள் இருக்கும் பட்டைக் கம்பி வெளியூரிலிருந்து வருவது. முதலாளி மூன்று நாள் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். யார் என்ன கேட்டாலும் "ம்" என்றார். நான்காம் நாள் கம்பி சுற்றுபவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கம்பி சுற்றுபவள் ஆம்பியரின் நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள். இவள் அவளை அண்ணி என்பாள். பன்னிரண்டு வருடமாகக் கம்பியைச் சூடு தாங்கும் மைக்கா தகட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகள் அடித்திருந்தாள். ஆணியிலிருந்து ஆணிக்குப் போய்த் திரும்பி வந்தால் எட்டு மீட்டர். அதுதான் ஒரு பெட்டிக்கு. யாரும் அளந்து பார்த்ததில்லை, அண்ணியின் கை தவறியதும் இல்லை.

கதவு திறந்ததும் அண்ணி நேராக ஜன்னல் மேசைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சரி, சொல்லாதீங்க."

"எட்டு மீட்டரை ஆறா ஆக்கச் சொல்றாரு. ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டு மீட்டர் அடிக்கிறதாம். வாய் கூசாம சொல்றாரு. கஞ்சத்தனம் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்ற மனுஷன்."

ஆம்பியர் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள். எட்டு மீட்டருக்கு எழுபது ஓம் சொச்சம் என்றால், ஆறு மீட்டருக்கு ஐம்பத்து மூன்று. இருநூற்று முப்பதை அதால் வகுத்தால் ஆம்பியர். அதைத் திரும்ப இருநூற்று முப்பதால் பெருக்கினால் வாட். விடையைப் பார்த்தாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"அண்ணி, ஆறு மீட்டர் பெட்டி ஒண்ணு முதல்ல சுத்திக் குடுங்க."

மத்தியானத்துக்குள் வந்தது. செருகினாள். ஐந்து நிமிடம் கழித்து முள் 4.35-இல் நின்றது. ஆயிரம் வாட். ஒரு வாட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு பெட்டி தன் வாலில் எழுதியிருந்ததைச் சொன்ன சொல் மாறாமல் செய்தது.

அண்ணிக்கு இது ஏறவில்லை. "கம்பிதானே சூடாகுது? கம்பியைக் குறைச்சா சூடு எப்படிக் கூடும்? எனக்குப் படிப்பில்லன்னு என்ன வேணா சொல்லலாமா?"

ஆம்பியர் ஓர் எட்டு மீட்டர் சுற்றையும் ஆறு மீட்டர் சுற்றையும் செங்கல் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் செருகினாள். ஆறு மீட்டர் முந்திக்கொண்டு பளிச்சென்று சிவந்தது. எட்டு மீட்டர் பின்னாலேயே மங்கலாகச் சிவந்தது.

"நீளமான கம்பி கரண்ட்டை அதிகமா மறிக்கும், அண்ணி. நெரிசல்ல நடக்கிற மாதிரி. சந்து நீளமா இருந்தா போய்ச் சேர்றவங்க கம்மி. கரண்ட் கம்மியாப் போனா சூடும் கம்மி."

அண்ணி நெடுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் முன்னால் நடப்பதை மறுக்கிற ஆள் இல்லை அவள்.

"சரி, கூடுதுன்னே வச்சுக்கோ. ஆனா குறைச்சது குறைச்சதுதானே?" என்று சொல்லிவிட்டுப் போய், ஆணிகளில் ஒன்றைப் பிடுங்கி ஒரு மீட்டர் உள்ளே தள்ளி அடித்தாள். அடித்த சத்தத்தில் இருந்த கோபம் பட்டறை முழுக்கக் கேட்டது.

அடுத்த மாதம் முன்னறிவிப்பில்லாமல் தர ஆய்வு அதிகாரி வந்து இறங்கினார். கையில் சொந்த மீட்டர் வைத்த பெட்டி. இத்தனை வருடம் யோக்கியமாக இருந்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத ஆள், கை வைத்த மாதமே வந்து நிற்கிறாரே என்று முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதிகாரியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஜன்னல் மேசைக்கு ஓடி வந்தார்.

"பழைய பெட்டி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல சார். எல்லாமே ஆறு மீட்டர்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மீட்டர்ல தெரியும் சார். பயப்படாதீங்க, சரியா இருக்கும்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் நன்றியும் பரிதாபமும் இருந்தன. ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி அடுக்கிலிருந்து தானே மூன்று பெட்டிகளை உருவினார். முதல் பெட்டி ஆயிரம். இரண்டாவது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. மூன்றாவது ஆயிரத்து மூன்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பதிவேட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். விதிப்படி அது போதும்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். தகட்டுல போட்டதை அப்படியே குடுக்கிற இடத்தை இப்பத்தான் பாக்கிறேன். எல்லாரும் இருநூறு, முந்நூறு ஏத்திப் போடுவாங்க. நீங்க எப்படி இப்படி?"

முதலாளி "கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு" என்று ஆரம்பித்தார். மேலே சொல்ல வாய் வரவில்லை. அதை அதிகாரி அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் முதலாளி மறுபடி ஜன்னல் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். பெட்டி நிஜமாவே ஆயிரம் வாட்."

"சரி, சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாம இருக்கிறதே நல்லது."

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். ஆனால் தன் நாற்காலிக்கு நேர் எதிரே வேண்டாம், முதுகுக்குப் பின்னால் மாட்டுங்கள் என்றார். வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று காரணம் சொன்னார். காரணம் அதுவல்ல என்று அண்ணிக்கும் ஆம்பியருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் சட்டைகள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு பள்ளி ஆசிரியர், வெள்ளைச் சட்டையோடு வந்தார். முதுகில் பெட்டியின் அடிப்பாகம் அச்சு எடுத்தாற்போல் பழுப்பாகப் பதிந்திருந்தது. அடுத்து ஒரு தையல்காரர் வந்தார், கல்யாணக் கோட்டோடு. மூன்றாவது வந்த ஓர் அம்மா எதையும் காட்டவில்லை. "சாம்பல்தான் மிச்சம், அதைக் கொண்டு வந்திருக்கணுமா?" என்று கேட்டாள். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பழைய பெட்டிதான் நல்ல பெட்டி.

ஆம்பியர் ஒவ்வொருவரிடமும் பெட்டியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டாள். அது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லாத சாதாப் பெட்டி. செருகினால் சூடேறிக்கொண்டே போகும், பிடுங்கினால் ஆறும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. ஆசிரியர் செருகிவிட்டுக் குளிக்கப் போவார், தலை துவட்டி வரும்போது பெட்டி பதமாக இருக்கும். தையல்காரர் இரண்டு பொத்தான் தைக்கிற நேரம். எழுநூற்றைம்பது வாட்டுக்கு என்று யாருக்கும் தெரியாமலே அந்தக் கணக்குகள் ஊறிப்போயிருந்தன. ஆயிரம் வாட் என்று எழுதியதை வாங்கியவர்களுக்கு முதல் முறையாக ஆயிரம் வாட் கிடைத்தது. அவர்களுக்கு அது ஆகவில்லை.

அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடம் எந்த எண் சரியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டாளோ அது வந்துவிட்டது. கூடவே அந்த ஆசிரியரின் சட்டையும் வந்துவிட்டது. எண்ணைப் பற்றி யோசித்தபோதெல்லாம் சட்டையைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

முதலாளி எரிந்த துணிகளுக்கெல்லாம் புதுத் துணி வாங்கிக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் பதினோரு பேரையும் நடுக்கூடத்தில் நிற்க வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு ஒளிச்சுப் பிரயோஜனம் இல்ல. பெட்டிக்கு ரெண்டு மீட்டர் கம்பியைக் குறைச்சேன். அந்தப் பாவம்தான் ஜனங்க துணியை எரிக்குது."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். ஆம்பியர் தொண்டையைக் கனைத்தாள்.

"சார், பாவம் எரிக்கல. இருநூத்தம்பது வாட் எரிக்குது."

"என்னம்மா?"

"இங்க வாங்க, காட்டறேன்."

அவரை மேசைக்கு அழைத்துப்போய்ப் பலகை முன் நிறுத்தினாள். பழுது பார்க்க வந்திருந்த ஒரு பழைய பெட்டியைச் செருகினாள், 3.26. புதியதைச் செருகினாள், 4.35. தாளில் பெருக்கிக் காட்டினாள், வகுத்துக் காட்டினாள். கம்பி நீண்டால் மறிப்பு கூடும், மறிப்பு கூடினால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் சூடு குறையும் என்று ஒவ்வொரு படியாக, நிதானமாகச் சொன்னாள். முதலாளி ஒரு குறுக்குப் பேச்சும் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவள் தோளருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், ஆசீர்வாதம் மாதிரி வைத்தார்.

"நீ நல்ல பொண்ணும்மா. நான் மனசு ஒடஞ்சு போயிடக் கூடாதுன்னு கணக்கையே மாத்திச் சொல்ற."

"நான் மாத்தல சார்."

"குடுக்கிறதைக் குறைச்சா பலன் கூடுமா? உலகத்துல எங்கயாவது நடக்குமா? விடு. எட்டு மீட்டரே போடுவோம். இல்ல, எட்டும் போதாது. செஞ்ச தப்புக்கு ஈடா அரை மீட்டர் சேத்துக் குடுப்போம். எட்டரை."

அவள் சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "சரி சார், எட்டரை போடுங்க. அப்படியே தகட்டை மட்டும் எழுநூறுன்னு மாத்திடுவோம்" என்றாள்.

"எதுக்கு? சர்டிபிகேட்டே ஆயிரம்னு குடுத்திருக்கான். அதைவிட ரெண்டரை மீட்டர் அதிகமாப் போடறோம். நியாயமாப் பாத்தா தகட்டுல இன்னும் ஏத்தணும். நான்தான் பேராசை வேண்டாம்னு விட்டுவச்சிருக்கேன்."

அண்ணி ஆணியைப் பழைய ஓட்டைக்கும் வெளியே தள்ளி அடித்தாள். இந்தத் தடவை சந்தோஷமாக அடித்தாள். எட்டரை மீட்டர் பெட்டி மேசைக்கு வந்தது. 3.07 ஆம்பியர், எழுநூற்றாறு வாட். மனம் திருந்திய முதலாளி, முன்னெப்போதையும்விடப் பெரிய பொய்யை ஆணியடித்து வெளியே அனுப்பத் தொடங்கினார். அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டிலிருந்து தகவல் வந்தது.

வாங்கியவர்களுக்குத் திருப்தியோ திருப்தி. ஒரு சட்டை கூடத் திரும்பி வரவில்லை. ஆசிரியர் தெருவில் பார்த்து, "இப்பத்தான் பழையபடி தரம் வந்திருக்கு" என்று சொன்னார்.

ஆம்பியர் தினமும் எழுநூற்றாறு என்று எழுதினாள். எழுத எழுத ஒன்று புரிந்தது. பெட்டி இப்படியே இருக்கட்டும். அதில் தவறில்லை. ஜனங்களுக்கு வேண்டியதும் அதுதான். மாற வேண்டியது தகடு மட்டும். அதை யாரிடமும் வாதாடி மாற்ற முடியாது.

வாய்ப்பு தானாக வந்தது. ஒருநாள் தகடு தீர்ந்துவிட்டது என்று பொருத்துகிறவன் சொன்னான். முதலாளி வெளியே போகிற அவசரத்தில் ஆர்டர் படிவத்தை அவளிடம் நீட்டி, "வழக்கமா போடறதுதான், நிரப்பி அனுப்பிடு" என்றார். கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பெயர், அளவு, எத்தனை துளை, எல்லாம் நிரப்பினாள். 'வாட்' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. வேலை போகலாம். அண்ணி வீட்டில் வைத்துக் கிழிக்கலாம். புருஷன், "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று கேட்கலாம். கேட்பார், நிச்சயமாகக் கேட்பார். அவள் கட்டத்துக்குள் 700 என்று எழுதினாள். கடைசிப் பூஜ்யம் கொஞ்சம் நசுங்கியது. தெளிவாகத் தெரியட்டும் என்று மேலே ஒரு தடவை இழுத்தாள்.

இரண்டாயிரம் தகடுகள் வந்து இறங்கிய காலையில் முதலாளியோடு மொத்த வியாபாரி ஒருவரும் இருந்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து முதலாளி ஒரு தகட்டை எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கழுத்து மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆம்பியர் எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின இரவே அடுக்கி வைத்திருந்தாள்.

அதற்குள் வியாபாரி தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டார். "எழுநூறா? ஆயிரத்துலேர்ந்து எழுநூறாக் குறைச்சுட்டீங்களா? கரண்ட் மிச்சமாகுமே. இதைத்தான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. சொல்லவே இல்லையே நீங்க."

முதலாளி தகட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நாங்க எதையும் முன்னாடியே சொல்லிட்டுச் செய்யறதில்ல" என்றார்.

வியாபாரி இரண்டு பங்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரம் வாட் சான்றிதழ் சுவரிலிருந்து இறங்கியது. எழுநூறுக்குப் புது விண்ணப்பத்தை ஆம்பியரே எழுதினாள். முதலாளி அவளைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இரண்டு நாள் அவள் பக்கமே வராமல் தன் அறையில் கம்பித் துண்டுகளை வைத்துக்கொண்டு ஏதோ அளந்துகொண்டும் யோசித்துக்கொண்டும் இருந்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அவரே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. ஆம்பியருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரும்மா. உனக்கு ஒரு விஷயம் சொல்றேன். நாம அரை மீட்டர் கம்பி சேத்துக் குடுத்தோம் இல்ல? கம்பி கூடினதும் என்ன ஆச்சு தெரியுமா? கரண்ட் குறைஞ்சுடுச்சு. வாட்டும் குறைஞ்சுடுச்சு. நல்லா யோசிச்சுப் பாரு. கம்பி நீளம்னா கரண்ட் போறதுக்குக் கஷ்டம். அதான் ரகசியம். படிச்சவங்களுக்குக்கூட இது தெரியாது."

அண்ணி தம்ளரை வாயருகே வைத்தபடி குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது.

"அப்படியா சார்" என்றாள் ஆம்பியர்.

"ஆமாம்மா. தாள் குடு, போட்டுக் காட்டறேன்."

அவள் பதிவேட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் பெருக்க வேண்டியதை வகுத்து, வகுக்க வேண்டியதைப் பெருக்கி, அரைப் பக்கம் போனார். பிறகு பென்சிலை அவளிடம் நீட்டினார்.

"இந்த இடத்துல ஏதோ இடிக்குது. கொஞ்சம் பாரு."